பலூனை எடுத்த பிறகு மருந்து எப்படி அங்கே நிற்கும்?

கேள்வி: 4 அக்டோபர் 2025

அப்பாவுக்கு 61 வயது. நாலு வருடத்துக்கு முன் இதய ரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்ட் என்கிற கம்பி வலைக்குள்ளேயே மறுபடி அடைப்பு வந்திருக்கிறது. இன்னொரு ஸ்டென்ட் வேண்டாம், மருந்து தடவிய பலூன் போதும் என்கிறார் டாக்டர். பலூனை உள்ளே கொண்டுபோய் ஒரு நிமிடம் ஊதிவிட்டு வெளியே எடுத்துவிடுவார்களாம். ஒரு நிமிடத்தில் எவ்வளவு மருந்து இறங்கும்? ரத்தம் ஓடுகிற குழாய். தடவிய மறுநொடி அடித்துக்கொண்டு போய்விடாதா? விற்பதற்காகச் சொல்கிற கதை என்றுதான் எனக்குப் படுகிறது. கேத் லேபில், அதாவது குழாய் விட்டு இதய அடைப்பைத் திறக்கிற அறையில், வேலை செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

4 அக்டோபர், இரவு

கேத் லேபில் 14 வருடமாக இருக்கிறேன். டெக்னீஷியன்தான், டாக்டர் இல்லை. அப்பாவுக்கு எது சரி என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் கேட்டது சரியான கேள்வி, தம்பி.

ரத்தம் அடித்துக்கொண்டு போகத்தான் செய்கிறது. பலூனில் இருக்கிற மருந்தில் பெரும்பகுதி சுவரில் தங்குவதே இல்லை. தங்குவது சிறு பங்கு. அந்தச் சிறு பங்கு போதும் என்று கண்டுபிடித்ததுதான் இந்தச் சிகிச்சையே.

முதலில் ஒன்று. பலூன் ஊதியிருக்கிற நேரத்தில் அந்த இடத்தில் ரத்தம் ஓடாது. பலூனே குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த 30 முதல் 60 நொடிக்குள் மருந்துப் பூச்சு சுவரோடு அழுத்தப்படுகிறது. பெரும்பாலும் பூசியிருப்பது பாக்லிடாக்செல். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பை நாடிப் போகும். எண்ணெய் பிடித்த வாணலியை வெறும் தண்ணீரில் அலசினால் பிசுக்கு போகுமா? அதுபோலத்தான். பலூன் சுருங்கி ரத்தம் ஓட ஆரம்பித்ததும் ஒட்டாதது எல்லாம் போய்விடும். ஒட்டியது நுண்ணிய துகள்களாகச் சுவரில் பதிந்து வாரக்கணக்கில் கரைந்துகொண்டிருக்கும்.

வாரக்கணக்கு போதுமா என்றால், போதும். பலூனால் அடைப்பை விரிக்கும்போது சுவரின் உட்பக்கம் கீறிப்போகும். உடம்பு அதைக் காயமாகப் பார்த்து ஆற்றக் கிளம்பும். சுவரில் இருக்கிற தசைச் செல்கள் பெருகி உள்ளே தடித்துக்கொண்டு வரும். அந்த வேகமெல்லாம் ஆரம்ப வாரங்களில்தான். அந்த நேரத்தில் மருந்து அங்கே இருந்து வளர்கிற செல்களைக் கொன்றுவிட்டால் குழாய் மறுபடி மூடாது.

5 அக்டோபர், காலை

நேற்று ராத்திரி அவசரத்தில் “கொன்றுவிட்டால்” என்று எழுதிவிட்டேன். தப்பு. இந்த அளவில் மருந்தின் வேலை கொல்வது இல்லை, பெருக விடாமல் நிறுத்துவதுதான்.

செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழல்களால் ஒரு சாரம் கட்டும். கட்டடத்துக்கு மூங்கில் சாரம் கட்டுகிறோமே, அதே மாதிரி. வேலை நகர நகர சாரத்தை அவிழ்த்து அடுத்த இடத்தில் கட்ட வேண்டும். பாக்லிடாக்செல் அந்தக் கட்டை அவிழ விடாது. சாரம் நின்ற இடத்திலேயே இறுகிப்போனால் கொத்தனார் அடுத்த மாடிக்குப் போக முடியாது. செல்லும் அப்படியே நின்றுவிடும். மற்ற மருந்துகள் சாரத்தைக் கட்டவிடாமல் தடுக்க, இது கட்டியதை இறுக்குகிறது என்று 1979இல் காட்டியவர் சூசன் ஹார்விட்ஸ் என்கிற விஞ்ஞானி.

5 அக்டோபர், மாலை

“பாக்லிடாக்செல் கேன்சர் மருந்தாச்சே, அதை இதயத்தில் தடவுவார்களா” என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார்கள். பயம் நியாயமானது. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

இதயக் குழாய்க்கு எடுக்கிற ஒரு பலூன் 3 மில்லிமீட்டர் குறுக்களவு, 20 மில்லிமீட்டர் நீளம் என்று வையுங்கள். அதன் மேற்பரப்பு சுமார் 188 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 மைக்ரோகிராம் மருந்து. மொத்தம் 565 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். புற்றுநோய்க்கு ஒரு தடவை ஏற்றுகிற வழக்கமான அளவு உடல் மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம். நடுத்தர உடம்புக்கு 280 மில்லிகிராம் வரும். பலூனில் இருப்பது அதில் ஐநூறில் ஒரு பங்கு.

முடி கொட்டாது, அக்கா.

7 அக்டோபர்

இதை யார் யோசித்தார்கள் என்று தம்பி கேட்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த கதை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்ல்ஸ் டாட்டர் ஒரு மூதாட்டியின் கால் குழாய் அடைப்பைக் குழல்களை நுழைத்தே திறந்தார். காலை எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்த அம்மா அவர். டாட்டரின் வேலையை முன்னெடுத்தவர் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக். சூரிச்சில் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கையாலேயே பலூன் செய்தவர். 1977 செப்டம்பர் 16ஆம் தேதி விழித்திருக்கிற ஒரு மனிதரின் இதயக் குழாயில் முதல் முறையாகப் பலூனை ஊதினார். நோயாளிக்கு 38 வயது.

திறந்தது. ஆனால் திறந்தது திறந்தபடியே நிற்கவில்லை. வெறும் பலூன் செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது ஆறு மாதத்துக்குள் மறுபடி சுருங்கியது. இரண்டு காரணம். ஒன்று, ரப்பர் மாதிரி சுவர் பழைய இடத்துக்கே திரும்புவது. இன்னொன்று, நான் மேலே சொன்ன செல் வளர்ச்சி. 1986இல் ஸ்டென்ட் வந்து முதல் காரணத்துக்கு முட்டுக் கொடுத்தது. ஆனால் அந்தக் கம்பி வலையின் இடுக்கு வழியாகவே செல் வளர்ந்தது. உங்கள் அப்பாவுக்கு நடந்திருப்பதும் இந்த வகைதான். அப்புறம் ஸ்டென்ட்டிலேயே மருந்தைப் பூசினார்கள், 2003க்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

நடுவில் ஒரு காலம் உண்டு. 80களின் கடைசியும் 90களும். மருந்தைச் சுவருக்குள் நேரடியாகச் செலுத்த விதவிதமாகப் பலூன் செய்து பார்த்தார்கள். பலூனில் நுண்ணிய ஓட்டை போட்டு அதன் வழியே மருந்தைப் பீய்ச்சினார்கள். இரண்டு பக்கமும் பலூனால் அடைத்து நடுவில் மருந்தைத் தேக்கினார்கள். ஜெல் பூசினார்கள். சுவரில் குத்துகிற குட்டி ஊசிகள் வைத்த பலூன்கூட வந்தது. ஓட்டை வழியே அழுத்தத்தோடு பீய்ச்சினால் சுவரே கிழிந்தது. மெதுவாக விட்டால் மருந்து நிற்கவில்லை. எதுவும் கைகூடவில்லை. நீண்ட நேரம் மருந்து சொட்டிக்கொண்டே இருந்தால்தான் பலன் என்று பெரும்பாலானோர் முடிவு கட்டிவிட்டார்கள். மருந்து ஸ்டென்ட்டும் அந்த எண்ணத்தில் பிறந்ததுதான்.

ஜெர்மனியில் இரண்டு பேர் அந்த முடிவை ஏற்கவில்லை. ஹோம்பர்க்கில் ப்ருனோ ஷெல்லர், பெர்லினில் உல்ரிஹ் ஷ்பெக். ஆஞ்சியோவில் குழாய் எக்ஸ்ரேயில் தெரிவதற்காக ஊசியில் விடுகிற டை இருக்கிறதே, அதில் பாக்லிடாக்செலைக் கலந்து பன்றிகளின் இதயக் குழாயில் விட்டுப் பார்த்தார்கள். சில நொடி தொட்டதற்கே செல் வளர்ச்சி குறைந்தது. சரி, டையையும் மருந்தையும் சேர்த்துப் பலூன் மேலேயே பூசினால்? 2006இல் 52 நோயாளிகளிடம் செய்து பார்த்த முடிவு வந்தது. எல்லோருமே உங்கள் அப்பா மாதிரி, ஸ்டென்ட்டுக்குள் மறுபடி அடைத்தவர்கள். ஆறு மாதம் கழித்து ஆஞ்சியோ எடுத்தபோது வெறும் பலூன் வைத்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு மறுபடி சுருங்கியிருந்தது. மருந்துப் பலூன் வைத்தவர்களில் 5 சதவீதம்.

52 பேர் என்பது சின்ன எண்தான். ஆனாலும் 43க்கும் 5க்கும் நடுவில் இருக்கிற தூரத்தை முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

8 அக்டோபர்

டை எதற்கு என்று கேட்டவருக்கு: வெறும் பாக்லிடாக்செலைப் பூசினால் அது பலூனைவிட்டுச் சரியாக வராது, வந்தாலும் சுவரில் அவ்வளவாக இறங்காது. கூடவே தண்ணீரில் கரைகிற ஒன்று இருந்தால் ரத்தம் பட்டதும் அது இளகி மருந்தைக் கழற்றிவிடும். டை அந்த வேலையைச் செய்கிறது. வேறு தயாரிப்புகளில் யூரியா. ஒரு தயாரிப்பில் அரக்கு சேர்த்தார்கள். நம் ஊரில் மரச்சாமான்களுக்கு மெருகு போடுகிற அதே அரக்குதான், நன்றாகச் சுத்தம் செய்தது.

ஒரே மருந்து, ஒரே அளவு, பூச்சு வேறு என்றால் பலனும் மாறும். அதனால் “மருந்துப் பலூன்” என்று பொதுவாகச் சொல்லாமல் எந்தப் பலூன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

11 அக்டோபர்

லேபில் என்ன நடக்கிறது என்பதை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள்.

முதலில் சாதாரணப் பலூன் போகும். மருந்துப் பலூனின் வேலை திறப்பது இல்லை, திறந்ததை மூடாமல் வைப்பது. சாதாரணப் பலூனால் நன்றாக விரித்து, டை விட்டுப் பார்த்து, மிச்சச் சுருக்கம் 30 சதவீதத்துக்குள் வந்து, சுவரில் பெரிய கிழிசல் இல்லை, ரத்தம் தடையில்லாமல் ஓடுகிறது என்று டாக்டர் திருப்திப்பட்ட பிறகுதான் “மருந்து பலூன் குடுங்க” என்பார். அதுவரை பாக்கெட்டைப் பிரிக்க மாட்டேன்.

பிரித்தால், பலூன் பகுதியை விரலால் தொடக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மற்ற பலூன்களைச் சலைனில் நனைத்துத் தயார் செய்கிற பழக்கத்தில் கை தானாகப் போகும், அதைத்தான் அடக்க வேண்டும். உறையை உருவினால் பலூன் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும், விபூதி பூசிக் காய்ந்த மாதிரி. அந்த வெள்ளைதான் மருந்து. வெளிச்சத்தில் திருப்பினால் மடிப்புகளுக்குள்ளும் கோடு கோடாகத் தெரியும்.

முன்பே குழாய்க்குள் விட்டிருக்கும் மெல்லிய வயர் மேல் ஏற்றியதும் வேகமாகப் போக வேண்டும். ரத்தத்தில் நுழைந்த நொடியிலிருந்து மருந்து கழன்றுகொண்டே இருக்கும். இடம் வந்ததும் டாக்டர் கண்ணைக் காட்டுவார். பலூனை ஊதுகிற பம்ப்பான இன்டிஃப்ளேட்டரின் பிடியை நான் சுற்றுவேன். அழுத்தம் காட்டும் முள் ஏறும். “பத்து… இருபது… முப்பது…” என்று சத்தமாக எண்ணுவேன். நாற்பது வாக்கில் நோயாளிக்கு நெஞ்சு இறுகும். மானிட்டரில் ஈசிஜி கோடு மேலே எழும்பும். “ஐயா, இந்த வலி இப்போ போயிடும், இன்னும் இருபது எண்ணினா போதும்” என்று நர்ஸ் கையைப் பிடித்துக்கொள்வார். அறுபது. காற்றை எடுப்பது மாதிரி உள்ளே இருக்கிற டையை இழுப்பேன். வலி இறங்கும், கோடும் இறங்கும்.

வெளியே வந்த பலூனைத் தட்டில் போடும்போது பார்ப்பேன். வெள்ளை போயிருக்கும்.

முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு நாள். நோயாளியின் குழாய் பாம்பு மாதிரி வளைந்து சுண்ணாம்பு படிந்திருந்தது. மருந்துப் பலூன் வளைவைத் தாண்டவில்லை. தள்ளி, இழுத்து, வயரை மாற்றி மறுபடி தள்ளி, நான்கைந்து நிமிடம் ஓடிவிட்டது. கடைசியில் தாண்டியது, ஊதினோம், படமும் நன்றாக இருந்தது. ஆனால் ஊதுவதற்கு முன்பே அந்தப் பலூனில் மருந்து மிச்சம் இருந்திருக்குமா? அறிக்கையில் “மருந்துப் பலூன் சிகிச்சை” என்று எழுதப்பட்டது. புதிதாக ஒன்று பிரித்திருக்க வேண்டும். நான் வாய் திறக்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து அதே மனிதர் அதே இடத்தில் அடைப்போடு வந்தார். மருந்து போனதால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவர் முகம் மட்டும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பலூன் ரத்தத்துக்குள் நுழைந்த நொடியிலிருந்தே வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன். எந்த டாக்டரும் இதுவரை நிறுத்தச் சொல்லவில்லை.

12 அக்டோபர்

எல்லாப் பலூனுக்கும் அறுபது நொடி என்று நேற்றைய பதிவு தொனிக்கிறது. அப்படி இல்லை. 30 நொடி போதும் என்கிற தயாரிப்புகள் உண்டு, கால் குழாயில் மூன்று நிமிடம் வைப்பதும் உண்டு. பெட்டியில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

19 அக்டோபர்

இவ்வளவு நாள் லேப் கதையாகவே எழுதிவிட்டேன். வீட்டுக் கதையும் ஒன்று இருக்கிறது.

அம்மாவுக்குச் சிறுநீரகம் போய் ஆறாவது வருடம். வாரம் மூன்று டயாலிசிஸ். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது தமனியையும் சிரையையும் தைத்து இணைத்த இடம். இணைத்ததும் சிரை தடித்துப் பெரிதாகும், அதில்தான் இரண்டு ஊசி குத்துவார்கள். மணிக்கட்டுக்கு மேலே விரல் வைத்தால் பூனை மடியில் படுத்து உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு தெரியும். தினமும் காலையில் காபி குடிக்கும் முன் அம்மா அதைத் தொட்டுப் பார்ப்பாள். “ஓடுதுடா” என்பாள். அதோடுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அந்த அதிர்வு மாறியது. உறுமல் போய், நாடி மாதிரி தட் தட் என்று இடிக்க ஆரம்பித்தது. மெஷினில் சிரைப் பக்க ப்ரெஷர் ஏறியது. ஊசியை எடுத்த பிறகு பஞ்சு வைத்து பத்து நிமிடத்தில் நிற்கிற ரத்தம் அரை மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லும்: மேலே எங்கோ சிரை சுருங்குகிறது. தமனியின் அழுத்தத்தைத் தாங்கப் பிறந்த சிரை இல்லை அது. சுவர் தடித்துக்கொண்டே போகும்.

சாதாரணப் பலூன் செய்தார்கள். ஐந்து மாதம் தாங்கியது. மறுபடி செய்தார்கள். மூன்றரை மாதம். ஒவ்வொரு தடவையும் கையில் ஊசி, ஒரு நாள் படுக்கை, அடுத்த டயாலிசிஸ் தள்ளிப்போகும் என்கிற பதற்றம். “கையை விட்டுட்டு கழுத்துல குழாய் போட்டுடுங்கப்பா” என்று அம்மா ஒரு நாள் சொன்னாள். கழுத்துக் குழாயில் கிருமி ஏறி எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று அறிந்தவன் நான்.

முதல் இரண்டு தடவையும் படத்தை வாங்கிப் பார்த்தேன். விரித்த பிறகும் நடுவில் ஓர் இடுப்பு தெரிந்தது, உடுக்கை மாதிரி. அதை அப்படியே விட்டிருந்தார்கள். மூன்றாவது தடவை வேறு இடத்தில் செய்தோம். அந்த டாக்டர் அம்மா முதலில் உயர் அழுத்தப் பலூனை எடுத்து, அழுத்தத்தை 20 அட்மாஸ்ஃபியர் தாண்டி ஏற்றி, அந்த உடுக்கை இடுப்பு மறைகிறவரை விடவில்லை. அம்மா கத்திவிட்டாள். நான் வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். அப்புறம்தான் மருந்துப் பலூன், 7 மில்லிமீட்டருக்கு 60 மில்லிமீட்டர். மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் எனக்கு எண்ணத் தெரியவில்லை.

இன்றைக்கு 13 மாதம் ஆகிறது. பூனை உறுமிக்கொண்டிருக்கிறது.

20 அக்டோபர்

“ஒருத்தர் அனுபவம் ஆதாரம் ஆகாது, மூன்றாவது தடவை நன்றாக விரித்ததுதான் காரணமாக இருக்கலாம்” என்று ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். சார் சொல்வதை மறுக்க முடியவில்லை. அம்மா விஷயத்தில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை, இரண்டும் ஒரே நாளில் நடந்தன.

பிரித்துப் பார்த்த ஆய்வு உண்டு. 2020இல் வெளிவந்தது, 330 பேர். எல்லோருக்கும் முதலில் உயர் அழுத்தப் பலூனால் நன்றாக விரித்துவிட்டு, அதற்கு மேல்தான் சீட்டுக் குலுக்குகிற மாதிரி பாதிப் பேருக்கு மருந்துப் பலூன், பாதிப் பேருக்கு வெறும் பலூன். ஆறு மாதத்தில் அந்த இடம் மறு சிகிச்சை இல்லாமல் திறந்திருந்தது மருந்துப் பக்கம் 82.2 சதவீதம், வெறும் பலூன் பக்கம் 59.5 சதவீதம். அதனால் சார், இரண்டும் வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வரிசை மாறக் கூடாது: விரிப்பது முதலில்.

26 அக்டோபர்

“இந்தப் பலூனால் ஆட்கள் செத்துப்போகிறார்கள் என்று செய்தி வந்ததே” என்று கேட்டவருக்கு. ஆமாம், வந்தது. மறைக்கிற விஷயம் இல்லை.

2018 டிசம்பரில் கிரேக்க மருத்துவர் கட்சானோஸ் தலைமையில் ஒரு தொகுப்பாய்வு. தொடைக் குழாய்க்குப் பாக்லிடாக்செல் பலூனோ ஸ்டென்ட்டோ வைத்த 28 ஆய்வுகள், 4,663 பேர். முதல் வருடம் வித்தியாசம் இல்லை. இரண்டு வருடத்தில் இறந்தவர்கள் மருந்துப் பக்கம் 7.2 சதவீதம், மருந்தில்லாத பக்கம் 3.8. ஐந்து வருடத்தில் 14.7க்கு 8.1. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எங்கள் அலமாரியில் இருந்த கால் பலூன்கள் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தன.

கால் பலூன் பெரிது. 6 மில்லிமீட்டருக்கு 120 மில்லிமீட்டர் என்றால் மேலே போட்ட அதே கணக்கில் கிட்டத்தட்ட 7 மில்லிகிராம் வரும், இதயப் பலூனைப் போல் பன்னிரண்டு மடங்கு. அதனால் பயந்தோம். ஆனால் மருந்து ஏன், எப்படிக் கொல்கிறது என்று யாராலும் காட்ட முடியவில்லை. பழைய ஆய்வுகளில் பலர் பாதியில் கண்காணிப்பிலிருந்து விலகியிருந்தார்கள். 2020இல் ஸ்வீடனில் 2,289 பேரை வைத்து நடந்துகொண்டிருந்த ஆய்வின் இடைக்கால முடிவில் இறப்பு வித்தியாசம் தெரியவில்லை. விடுபட்டவர்களைத் தேடிச் சேர்த்து மறுபடி பார்த்த பிறகு, 2023 ஜூலையில் எஃப்டிஏ தன் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே ஸ்வீடன் ஆய்வின் முழு முடிவு இந்த வருடம் வந்தது. மருந்து பூசியதால் காலை எடுக்க வேண்டிய நிலை குறையவில்லை. நடந்தால் வலிக்கிறது என்று வந்தவர்களுக்கு ஒரு வருடத்தில் வாழ்க்கைத் தரமும் கூடவில்லை. குழாய் திறந்திருப்பது வேறு, ஆள் நன்றாக இருப்பது வேறு என்று அதைப் படித்ததும் தோன்றியது. காலைப் பொறுத்தவரை முன்பு இருந்த உறுதி இப்போது எனக்கு இல்லை.

2 நவம்பர்

இதயத்துக்கு வருவோம். எல்லா அடைப்புக்கும் பலூனே போதும் என்று இங்கே இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். அவசரப்படாதீர்கள்.

3 மில்லிமீட்டருக்குக் குறைவான சின்னக் குழாய்களில் பலூன் ஸ்டென்ட்டுக்குச் சளைத்ததில்லை என்று 2018இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வு 758 பேரிடம் காட்டியது. குழாயின் அளவு பார்க்காமல், சிக்கலில்லாத புதிய அடைப்புகளுக்கு என்று 2024இல் சீனாவில் 2,272 பேரிடம் பார்த்தபோது பலூன் தோற்றது: இரண்டு வருடத்தில் இறப்பு, மாரடைப்பு, மறு சிகிச்சை எல்லாம் சேர்த்து 6.4 சதவீதம், ஸ்டென்ட்டில் 3.4.

தம்பி, உங்கள் அப்பா விஷயத்துக்கும் இரண்டு பக்கமும் சொல்லிவிடுகிறேன். 600 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், ஸ்டென்ட்டுக்குள் அடைத்தவர்களுக்கு ஒரு வருடத்தில் அந்த இடம் மறுபடி தொல்லை தந்தது மருந்துப் பலூனில் 17.9 சதவீதம், வெறும் பலூனில் 28.6. அதை வைத்து 2024 மார்ச்சில்தான் அமெரிக்காவில் இதயத்துக்கு முதல் மருந்துப் பலூன் அனுமதி பெற்றது. ஐரோப்பாவில் அதற்கு எவ்வளவோ முன்பே வந்துவிட்டது. ஆனால் வெறும் பலூனுக்குப் பதில் இன்னொரு மருந்து ஸ்டென்ட்டோடு ஒப்பிட்டால்? பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மூன்று வருடத்தில் மறு சிகிச்சை தேவைப்படுவது ஸ்டென்ட்டில் சற்றுக் குறைவு. இறப்பு, மாரடைப்பில் ஸ்டென்ட்டுக்கு முன்னிலை இல்லை.

பலூனின் லாபம், உள்ளே எதுவும் விட்டுவராது. சட்டை மேல் சட்டை போட்ட மாதிரி குழாய்க்குள் இரண்டு அடுக்குக் கம்பி, பிறகு தேவைப்பட்டால் மூன்று என்று போகாது. 61 வயதுக்கு அது பெரிய விஷயம்தான்.

டாக்டரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பழைய ஸ்டென்ட் முதலிலேயே முழுசாக விரிந்திருக்கிறதா, உள்ளே கேமரா மாதிரி அனுப்பிப் பார்ப்பீர்களா? விரியாத ஸ்டென்ட் மேல் எந்த மருந்தைத் தடவியும் பயன் இல்லை.

9 நவம்பர்

சூரத்தில் செய்கிற பலூனைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அதில் பாக்லிடாக்செல் இல்லை, சிரோலிமஸ். மருந்து ஸ்டென்ட்களில் பாக்லிடாக்செலை ஓரங்கட்டிய குடும்பம் அது. ஆனால் பலூனில் பூசுவது கஷ்டம், அது அவ்வளவு சுலபமாகத் திசுவில் ஒட்டாது. சூரத்துக்காரர்கள் அதை மிக நுண்ணிய கொழுப்புத் துளிகளுக்குள் பொதிந்து பூசினார்கள். 2019இல் எஃப்டிஏ அதைத் திருப்புமுனைக் கருவி என்று வகைப்படுத்தியது. அனுமதி வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சிரோலிமஸ் 1964இல் ஈஸ்டர் தீவிலிருந்து அள்ளிவந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா தந்தது. தீவின் சொந்தப் பெயர் ராப்பா நூயி, அதனால் ராப்பாமைசின் என்று முதலில் பெயர். கனடாவில் அதைப் பிரித்தெடுத்துப் படித்தவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேந்திரநாத் சேகல். கம்பெனி அந்த வேலையைக் கைவிட்டபோது பாக்டீரியாவை வீட்டு ஃப்ரீசரில் காப்பாற்றி வைத்திருந்தார் என்பார்கள். 1999இல் மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அனுமதி கிடைத்தது. அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். “மண்ணுலேர்ந்தா?” என்று கேட்டுவிட்டு ஃபிஸ்டுலா கையை ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

15 நவம்பர்

தம்பி செய்தி அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை அப்பாவுக்கு முடிந்தது. உள்ளே பார்த்ததில் பழைய ஸ்டென்ட் ஓர் ஓரத்தில் விரியாமல் இருந்ததாம். கெட்டியான பலூனால் முதலில் அதை விரித்து, பிறகு மருந்துப் பலூன். “ஒரு நிமிடம் எண்ணினார்கள், அப்பாவும் கூடவே மனசுக்குள் எண்ணினாராம்” என்று எழுதியிருக்கிறார். ரொம்பச் சந்தோஷம்.

கம்பி வைக்கவில்லை என்பதால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்கிறார். கூடாது. பலூன் மட்டும் என்றால் இரண்டு மாத்திரை சேர்ந்து போடும் காலம் சிலருக்கு ஒரு மாதமாகக் குறையலாம். அப்பாவுக்கு ஏற்கனவே ஸ்டென்ட் இருக்கிறது. டாக்டர் எழுதித் தருகிற தேதி வரை ஒரு வேளைகூட விடக் கூடாது.

30 நவம்பர்

சிறுநீர்க் குழாய்ச் சுருக்கத்துக்கும் இதே பாக்லிடாக்செல் பலூன் வந்துவிட்டது, 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி. அது ரத்தக் குழாயே இல்லை. அங்கேயும் தழும்புத் திசு வளர்வதுதான் பிரச்சினை, அதனால் தத்துவம் ஒன்றே. கேட்டவர் யூராலஜி டாக்டரிடம் விசாரிக்கலாம்.

21 டிசம்பர்

அம்மாவுக்கு 15 மாதம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை மெஷினில் ப்ரெஷர் ஏறியது. வியாழனும் ஏறியது. ரத்தம் நிற்க 25 நிமிடம்.

நேற்று படம் எடுத்தோம். மருந்து வைத்த இடத்தை முதலில் பார்த்தேன். திறந்திருக்கிறது, சுவர் வழவழவென்று, உடுக்கை இல்லை. புதுச் சுருக்கம் அதற்கு வெகு மேலே, தோளுக்குக் கீழே சிரை வளைந்து உள்ளே இறங்குகிற இடத்தில். அங்கே நாம் எதுவும் தடவவில்லை. மருந்து தொட்ட இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். அதை அம்மாவின் கையில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. அதே டாக்டர் அம்மா. முதலில் உயர் அழுத்தப் பலூன், பிறகு என்ன என்பது அந்த வளைவு எப்படி விரிகிறது என்பதைப் பொறுத்து. இந்தத் தடவை உள்ளே நின்று நானே எண்ணுகிறேன் என்று கேட்டிருக்கிறேன். சரி என்றார்கள்.